தெரியாது என்று எழுத இடமில்லை

ஐம்பத்து நாலாம் வருஷம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியபோது எனக்குப் பத்தொன்பது வயது. குருசுக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து பள்ளிக்கூடப் படியேறியவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அப்பா நான் சின்னவளாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் அம்மா, அக்கா, அக்கா புருஷன், நான் என்று நாலு பேர்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன; இரண்டும் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசுவதை விட்டுவிட்டாள். வேலையை மட்டும் விடவில்லை. விடியும்போது கரையில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தே போவாள். விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவாள்.

நான் கதை எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லிக்கொடுத்து இல்லை. பள்ளிக்கூடத்து அலமாரியில் கிடந்த பழைய மாதப் பத்திரிகைகளைப் படித்துப் படித்து வந்த ஆசை. நான் எழுதியதெல்லாம் பங்களாவில் வாழ்கிறவர்களைப் பற்றியது. பங்களாவுக்குள் நான் கால் வைத்ததே இல்லை. அக்கா புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நான் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். கடலுக்குப் போய்வந்த அலுப்பில் பாதியிலேயே தூங்கிப்போவார். மறுநாள் வலையைப் பிரித்துக்கொண்டே, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்பார். சொன்னால், "நான் வேற மாரி நெனச்சேன்" என்பார். எப்படி நினைத்தார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என் முடிவுதான் சரியான முடிவு என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

அடுத்த வருஷம் கார்த்திகை மாதம். நாலு நாளாகக் கடல் சரியில்லாமல் ஆட்கள் கரையிலேயே கிடந்தார்கள். ஐந்தாம் நாள் காற்று அடங்கின மாதிரி இருந்தது. மாமாவும் அவருடைய கூட்டாளியும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூட்டாளி மாமாவைவிட நாலைந்து வயது சின்னவர், வீராம்பட்டினத்துக்காரர், எங்கள் வீட்டிலேயே பாதி நாள் சாப்பிடுகிறவர். பத்து மணிக்குக் காற்று மறுபடி எழுந்தது. பள்ளிக்கூடத்து ஓடுகள் இரண்டு என் கண் முன்னால் பறந்தன. சாயங்காலத்துக்குள் மற்ற கட்டுமரங்கள் எல்லாம் கரை சேர்ந்தன. இவர்களுடையது மட்டும் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் வீராம்பட்டினத்துக்குத் தெற்கே கூட்டாளியை அலை ஒதுக்கிப் போட்டிருந்தது. உடம்பெல்லாம் தோல் உரிந்து, ஒரு கட்டையைக் கட்டிக்கொண்டு கிடந்தாராம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கஞ்சித்தண்ணி கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். அக்கா அவர் முன்னால் போய்க் குந்தினாள்.

"மரம் பிரிஞ்சிடுச்சு அண்ணி. ஆளுக்கொரு கட்டையப் புடிச்சோம். தூரத்துல கப்பல் ஒண்ணு போச்சு. அண்ணன் அத்தப் பாத்து நீந்துனாரு. அப்புறம் அலை மறச்சிடுச்சு."

"கப்பல் நின்னுச்சா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. உதடு வெடித்திருந்தது, பேச வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"நின்ன மாரிதான் இருந்துச்சு அண்ணி."

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அக்கா ஆறு வருஷம் இருந்தாள்.

முதல் சில மாதங்கள் நாங்கள் காகிதத்தோடு அலைந்தோம். நான் தமிழில் எழுதிக் கொடுப்பேன். சைகோனில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்று, ஊரில் சொல்தா என்று கூப்பிடப்பட்ட பக்கத்துத் தெருக்காரர் அதைப் பிரெஞ்சில் எழுதித் தருவார். துறைமுக ஆபீசில் ஒரு மேஜையில், "இது பழைய ஆட்கள் காலத்துக் காகிதம், அவங்களக் கேளுங்க" என்றார்கள். பிரெஞ்சுக் காலத்துப் பழைய ஆட்கள் இருந்த மேஜையில், "இப்ப எல்லாம் அவங்கதான்" என்று எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்கள். அந்த வாரத்தில் எந்தக் கப்பல் எந்தப் பக்கம் போனது என்பதைக்கூட எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. ரங்கூன் என்றார் ஒருவர். கொழும்பு என்றார் இன்னொருவர். கப்பல் கம்பெனிக்கு எழுதிப் போட்ட கடிதம் மூன்று மாதம் கழித்துப் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது.

அம்மாவுக்கு முதல் மாதத்திலேயே மகன்போல் இருந்த மருமகன் போய்விட்டான் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்றுதான் சொல்வாள். அவள் கல்மனசுக்காரி இல்லை. வீராம்பட்டினத்தில் மனைவியை இழந்த ஒருத்தர், நல்ல மனுஷன், அக்காவைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். அக்காவுக்கு அப்போது இருபத்தேழுதான். செய்ய வேண்டியதைச் செய்து முடித்தால் அவளுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு என்பது அம்மாவின் கணக்கு.

"ஒம்போது மாசமாச்சுடி. கப்பல்ல போனவன் ஒரு கடுதாசி போட மாட்டானா?"

"அவுருக்கு எழுதத் தெரியாதும்மா."

"எழுதித் தர்றதுக்கு ஒரு ஆளா கெடைக்காது?"

"கெடைக்கலாம். கெடைக்காமயும் இருக்கலாம்."

அம்மா தட்டைத் தூக்கி எறிந்தாள். அக்கா சிதறின சோற்றைப் பொறுக்கினாள்.

ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசினார்கள். ஆள் கிடைக்காவிட்டால் வைக்கோலில் உருவம் செய்து கொளுத்தி, காரியம் செய்துவிடலாம், வழக்கம் உண்டு என்றார்கள். அதற்கு முன்னால் நகராட்சிக் கட்டடத்தில், மேரி என்று நாங்கள் சொல்லும் இடத்தில், இறப்பைப் பதிய வேண்டும். அக்கா மறுப்புச் சொல்லாமல் புறப்பட்டு வந்ததில் எனக்கு ஆச்சரியம். மேரியில் வயதான எழுத்தர் ஒருவர் பெரிய பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மரியாதையாகவே கேட்டார்.

"உன் புருஷன் இறந்துட்டாரா?"

"தெரியாதுங்க."

"அப்ப உயிரோட இருக்காரா?"

"அதுவும் தெரியாது."

"ரெண்டுல ஒண்ணு சொல்லணும்மா."

"தெரியாதுன்னு எழுதுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்பிடி எழுத இதுல எடமில்ல." பிறகு கூட வந்திருந்த பெரியவரைப் பார்த்து, "நான் எந்த தேசத்து ஆளுன்னு கேட்டாலே எனக்குச் சொல்லத் தெரியல முசே. இந்தப் பொண்ண மட்டும் கட்டாயப்படுத்தி இன்னா பண்றது?" என்று புத்தகத்தை மூடிவிட்டார். கொடி மாறியிருந்தாலும் எழுத்துப்படி நாங்கள் இன்னும் பழைய தேசம்தான் என்று சிலர் சொன்ன காலம் அது.

திரும்பி வரும் வழியெல்லாம் பெரியவர் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலுக்கு வந்தபின் அவள் சொன்னாள்: "செத்தாருன்னு தெரிஞ்சா தாலிய நானே கழட்டிடுவேன். யாரும் சொல்ல வேணாம். தெரியாததுக்கு நான் எப்பிடிக் கழட்டுவேன்?"

அதற்கு அவள் கொடுத்த விலை கொஞ்சமில்லை. விதவைக்கு ஆறுதல் சொல்ல ஊருக்குத் தெரியும். சுமங்கலிக்கு மஞ்சள் குங்குமம் கொடுக்கத் தெரியும். இவளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு இவள் வரை வந்து, தயங்கி, அடுத்த ஆளிடம் போகும். மார்க்கெட்டில் சிலர் முதல் வியாபாரத்தை இவளிடம் செய்ய மாட்டார்கள். வளையல்காரர் எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டு நடப்பார். ராத்திரியில் அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்த்துக் காது கொடுத்துப் படுத்திருக்கிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை.

அடுத்த கோடை விடுமுறையில் நான் ஒரு கதை எழுதினேன்.

பங்களாக்காரர்களை விட்டுவிட்டு முதல் தடவையாக எங்கள் குப்பத்தைப் பற்றி எழுதினேன். புயலில் கட்டுமரம் உடைந்து தத்தளிக்கும் மீனவனைக் கப்பல்காரர்கள் காப்பாற்றுகிறார்கள். கண்காணாத தேசத்தில் மூன்று வருஷம் வேலை செய்கிறான். மனைவி அழுதுகொண்டே காத்திருக்கிறாள். ஒரு நாள் கப்பலில் திரும்பி வந்து கரையில் இறங்குகிறான். அவள் அவன் காலில் விழுந்து கதறுகிறாள். ஒரே வாரத்தில் எழுதி முடித்தேன். எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்து மை கலைந்தது. இதற்கு முன் எழுதிய எதுவும் என்னை இப்படி இழுத்துக்கொண்டு போனதில்லை. எனக்கு எழுத்து வந்துவிட்டது என்று நம்பினேன். மெட்ராசிலிருந்து வருகிற ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பினேன். போட்டார்கள். ஆசிரியர் ஒரு தபால் கார்டும் எழுதியிருந்தார்: முடிவு அருமை.

வீட்டில் சொல்லவில்லை. கூட வேலை பார்த்த டீச்சரிடம் மட்டும் காட்டினேன். அவள் தன் அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா மீன் வாங்கப் போன இடத்தில் யாரிடமோ சொன்னாள். அந்தப் பேச்சு மார்க்கெட்டில் மீன்காரப் பெண்கள் உட்காரும் வரிசைக்கு வந்து சேர்ந்தபோது இப்படி ஆகியிருந்தது: குருசுக்குப்பத்து ஆள் ஒருத்தர் கப்பலில் திரும்பி வந்துவிட்டாராம், பத்திரிகையில் போட்டிருக்கிறதாம்.

அச்சில் வந்தால் அது நடந்ததுதான். அவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அக்கா கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். காலை பத்து மணி வெயில். மார்க்கெட்டிலிருந்து கடற்கரை வரைக்கும், கடலுக்குள் நீண்டிருந்த பழைய பாலத்தின் உடைந்த தூண்கள் தண்ணீரில் நிற்கும் இடம் வரைக்கும், நேராக ஓடியிருக்கிறாள். அவள் கெட்ட நேரம், அன்றைக்கு உண்மையிலேயே ஒரு கப்பல் வந்து தூரத்தில் நங்கூரம் போட்டிருந்தது. மூட்டை ஏற்றிக்கொண்டு போகும் சலங்குப் படகுக்காரர்களின் காலைப் பிடித்திருக்கிறாள். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள். மறுக்க முடியாமல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து சொல்லி நான் கடற்கரைக்குப் போனபோது படகு திரும்பிக்கொண்டிருந்தது. அவள் மூட்டைகள் இருந்த இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். படகுக்காரர் ஒருவர் இறங்கி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். கப்பலுக்கு அடியில் போய் நின்றதும் அவள் எழுந்து நின்று, மேலே பார்த்து, புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாளாம். மேலே வேலை செய்துகொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தன் என்னவென்று புரியாமல் கையை ஆட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அக்கா கரையில் இறங்கினாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"பேப்பர்ல போட்டிருக்காமே. நீ படிச்சியா?"

"அது கதைக்கா."

"கதைன்னா?"

"நான் எழுதினது."

"நீயா? உனக்கு யாரு சொன்னா, அவுரு வந்துட்டாருன்னு?"

"யாரும் சொல்லல. நானா எழுதினேன்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இல்லை. புரியாத ஒரு சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு மார்க்கெட்டுக்கு நடந்து போய்க் கூடையை எடுத்துக்கொண்டு வந்தாள். அதிலிருந்த சங்கரா மீன் வெயிலில் நாறிப் போயிருந்தது.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சாயங்காலம், "அந்தப் புஸ்தகத்த எடுத்துகினு வா. படி" என்றாள். அம்மாவும் வந்து கதவோரம் உட்கார்ந்தாள். வாசித்து முடித்தேன்.

அக்கா கேட்டாள்: "இதுல அந்தப் பொம்பள மூணு வருசம் அழுதுகினே குந்திகினு இருக்கா. அவளுக்கு யாரு சோறு போட்டா?"

கதையில் அதை நான் யோசிக்கவே இல்லை.

"உன்னால தெரியாம இருக்க முடியல. அதான் அவுரக் கொண்டாந்து கரையில உட்டுட்ட. நான் இன்னா பண்ணேன்னு ஒரு வரி எழுதல நீ."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய் அடுப்பு மூட்டினாள். அம்மா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அம்மாவும் எழுந்து அவளுக்கு விறகு எடுத்துக் கொடுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் எழுதவில்லை. அந்தப் பத்திரிகையிலிருந்து இன்னொரு கதை கேட்டு எழுதினார்கள். பதில் போடவில்லை. பேனாவைத் தொட்டால் கப்பலுக்கு அடியில் ஒரு சின்னப் படகு தெரியும். கரும்பலகையில் 'அம்மா', 'ஆடு' என்று எழுதுவதோடு சரி. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். எழுதுகிறவர்கள் இதைப் பெரிய துன்பமாகச் சொல்வார்கள். அக்கா பட்டதன் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றுமில்லை என்று எனக்கே தெரியும். அதனால் யாரிடமும் சொல்லவும் கூசினேன்.

ஐம்பத்தொன்பது தொடக்கத்தில் அம்மா போனாள். வயிற்றில் கட்டி. கடைசி நாட்களில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வீராம்பட்டினத்து மனுசன் வேற யாரையோ கட்டிகினான்டி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா, "கட்டிகினா கட்டிகிட்டும்மா, நல்லா இருக்கட்டும்" என்று அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா இல்லாத வீட்டில் காலையில் தனியாக இருக்கப் பயந்துதான் அந்த வருஷ விடுமுறையில் நான் அக்காவோடு போக ஆரம்பித்தேன். கரைக்குப் போவோம். கட்டுமரங்கள் வரும். ஏலம் நடக்கும். பிறகு மார்க்கெட். முதல் தடவையாக அவளைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டு இதைச் சொல்வது வெட்கம்தான். நான் நினைத்திருந்தேன், அவள் கரையில் நிற்கும்போதெல்லாம் மாமாவைத் தேடுகிறாள் என்று. இல்லை. அவள் மரங்களைப் பார்ப்பாள். எந்த மரம் தாழ்ந்து வருகிறது, எதில் மீன் அதிகம் என்று பார்ப்பாள். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், கடற்கரைத் தெருவில் திரும்பும் இடத்தில், ஒரே ஒரு தரம் தலையைத் திருப்பித் தொடுவானத்தைப் பார்ப்பாள். பிறகு நடப்பாள்.

ஒரு நாள் கேட்டேன், "எப்படிக்கா இருக்க நீ?"

"எப்பிடின்னா?"

"வருவாருன்னு நெனக்கிறியா, மாட்டாருன்னு நெனக்கிறியா?"

"ரெண்டும் நெனக்க மாட்டேன். வருவாருன்னு நெனச்சா அன்னிக்கு வேலை ஓடாது. வர மாட்டாருன்னு நெனச்சா காலு ஓடாது. மீன் வந்துச்சான்னு பாப்பேன்." கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னாள்: "அது சும்மா வராது. தெனம் பழவணும். சில நாளு தவறிப் பூடும்."

தவறிப்போன நாட்களை நானும் பார்த்திருக்கிறேன். உலையில் அரிசி போட்டுவிட்டு அப்படியே நின்று, அது குழைந்து அடிப்பிடிக்கும் வரை நிற்பாள். என் கை பட்டால் திடுக்கிட்டு விழித்துக்கொள்வாள். பெரிய தைரியசாலி என்று அவளைச் சொல்ல மாட்டேன். தெரியாமல் இருப்பதை அவள் ஒரு வேலைபோலச் செய்துகொண்டிருந்தாள். மற்ற வேலைகளைப் போலவே அதிலும் சில நாள் கை வராது.

அந்த விடுமுறையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தேன். கதை இல்லை. அன்றைக்கு என்ன பார்த்தேனோ அது மட்டும். நாலு வரி. 'இன்று அலை பெரிது. காரப்பொடி மீன் நிறைய. அக்கா காலில் கண்ணாடிச் சில்லு குத்தியது. கூடையை இறக்காமல் ஒற்றைக் காலில் நின்று பிடுங்கினாள்.' இப்படி. அடுத்து என்ன என்று யோசிக்க மாட்டேன். கதையாகுமா, யாராவது படிப்பார்களா என்று கேட்டுக்கொள்ள மாட்டேன். கேட்டால் கை நின்றுவிடும் என்று அதற்குள் தெரிந்திருந்தது. ஒரு வரிகூட வராத நாட்கள் உண்டு; அன்றைக்குத் தேதியை எழுதிவிட்டு மூடிவிடுவேன். மூன்று வருஷத்தில் ஒன்பது நோட்டு சேர்ந்தது. இன்றைக்குப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் உப்புச் சப்பில்லாதவை. ஆனால் பங்களாவும் இல்லை, பொய்க் கண்ணீரும் இல்லை. எனக்கு எழுத்து என்று ஏதாவது வந்திருந்தால் அது அந்த நோட்டுகளில்தான் வந்தது.

அறுபத்தோராம் வருஷ மழைக்காலம் முடிந்தபின், மாமாவின் கூட்டாளி ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும் அக்காவைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதாகவும் ஆள் வந்தது. மாமா போனபின் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் அதிகம் வந்ததில்லை. துக்கம் தாங்காமல் என்று நினைத்திருந்தோம். மறுநாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் போனோம். நெஞ்சு நோய். எலும்பும் தோலுமாக, சுவரோரக் கட்டிலில், தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவளுக்கு முன்பே சொல்லியிருக்கிறார் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

"அண்ணி, கப்பல் இல்ல" என்றார்.

அக்கா நின்றுகொண்டே இருந்தாள்.

"கப்பலே இல்ல. மரம் பிரிஞ்சப்ப ஒரு கட்டதான் எங்கிட்ட வந்துச்சு. அண்ணன் வந்து அதப் புடிச்சாரு. ரெண்டு பேரத் தாங்காதுன்னு... நான் அவுரு கைய எடுத்து உட்டேன். வெரல ஒண்ணொண்ணா எடுத்தேன் அண்ணி."

இருமல் வந்தது. அடங்கும் வரை நாங்கள் காத்திருந்தோம். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அவுரு இன்னா சொன்னாரு?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் சொல்லல. என்னப் பாத்தாரு."

"தாங்காதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. பயம். அப்புறம் மறுநா மத்தியானம் வரைக்கும் நான் அதே கட்டயில கெடந்தேன். தாங்கியிருக்கும்னு தோணுது. அதுவும் தெரியாது."

மறுபடி இருமினார். மூச்சு வாங்க முடியவில்லை. அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கூஜாவிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் வாயில் வைத்தாள். அவர் இரண்டு மடக்குக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் வெளியே நடந்தாள். மன்னிப்பா அது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. அவளிடம் நான் கேட்கவில்லை. அந்த மாதத்துக்குள் அவர் செத்துப்போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் விடிந்ததும் அக்கா தனியாகக் கடலுக்குப் போனாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கழுத்துக் கயிற்றைத் தானே கழற்றி விட்டுவிட்டு வந்தாள். ஊர்ப் பெண்கள் யாரையும் கூப்பிடவில்லை. வந்து, ஈரப் புடவையோடு பாயில் படுத்தாள்.

அதன்பின் அவள் எழுந்திருக்கவில்லை.

உண்மை தெரிந்தால் மனசு ஆறும் என்று நானும் ஊரும் நம்பியிருந்தோம். ஆறு வருஷம் தெரியாமல் நடந்தவள், தெரிந்ததும் விழுந்துவிட்டாள். சாப்பிட மாட்டாள். தலை வாரவிட மாட்டாள். தை, மாசி, பங்குனி என்று மாதங்கள் போயின. நான் கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். திரும்பி வந்தால் போட்டது போட்டபடி கிடப்பாள். ஒரே ஒரு தடவை சொன்னாள்: "வெரல எடுத்தானாமே. அத நெனக்காம இருக்க எனக்குப் பழக்கமில்லடி."

நான் அவளுக்கு ஆறுதல் சொல்ல முயலவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் நோட்டை எழுதினேன். அந்த மாதங்களின் பக்கங்களில் 'படுத்திருக்கிறாள்' என்ற ஒரே சொல்தான் வரிசையாக இருக்கிறது.

அறுபத்திரண்டு ஆடியில், ஊரே எந்த தேசத்துக் குடிகளாக இருப்பது என்று பேசிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு காலை நான் விழித்தபோது பாய் சுருட்டி வைத்திருந்தது. அக்கா வாசலில் குந்தி, பழைய கூடையின் பிய்ந்த விளிம்பைத் தென்னை நாரால் கட்டிக்கொண்டிருந்தாள். ஏன் எழுந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தின நாளும் அதே வெயில், அதே கஞ்சிதான்.

"ஏன்டி, தெனம் பக்கத்துல குந்திகினு இன்னா எழுதுற?" என்றாள்.

"உன்னப் பத்தி. எழுதலாமா?"

நாரைப் பல்லால் கடித்து இழுத்தாள். "எழுது. என்னப் பாவமா எழுதாத. வெரல எடுத்தவனையும் நடந்தது எப்பிடியோ அப்பிடியே எழுது. அவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குது, பேரு மட்டும் போடாத. யாரு பேரும் போடாத."

கூடையைத் தலைக்கு ஏற்றி அளவு பார்த்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தெருவில் இறங்கினாள். கடற்கரைத் தெரு வழியாகப் போகவில்லை. உள்பக்கத் தெருக்களில் சுற்றிப் போனாள். அதற்குப் பிறகு எப்போதும் அந்த வழிதான்.

அன்று மத்தியானம் எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம்கூடத் தேறவில்லை. மறுநாளும் உட்கார்ந்தேன்.